சந்தனம் வைத்த தட்டுகள்

போன வெள்ளிக்கிழமை காலை என் மேசைக் கணினி தன்பாட்டில் தன்னைப் புதுப்பிக்கத் தொடங்கி, இருபத்தேழு வீதத்தில் வந்து குந்திவிட்டது. நீலத் திரையில் ஒரு சின்ன வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. தயவுசெய்து கணினியை அணைக்க வேண்டாம் என்று கீழே மரியாதையாக எழுதியிருந்தது. ஒரு மணித்தியாலம் பொறுத்துப் பார்த்தேன். இருபத்தேழு இருபத்தேழாகவே நின்றது. மகளுக்கு டெலிபோன் எடுத்தேன். அவளுக்கு இதுதான் தொழில்.

"அப்பா, அதைத் தொடாதேங்கோ. ஓஃப் பண்ணிப் போடாதேங்கோ. பேசாமல் விட்டிட்டுப் போய்த் தேத்தண்ணி குடியுங்கோ" என்றாள். பிறகு பக்கத்தில் இருந்த யாருக்கோ ஆங்கிலத்தில், தன் அப்பாதான் தங்கள் தீவில் முதன்முதல் கணினி தொட்ட ஆள் என்று பெருமையாகச் சொன்னது எனக்கும் கேட்டது. அதை அவள் பத்து வருடமாகச் சொல்லி வருகிறாள். நானும் ஒருநாளும் மறுக்கவில்லை.

நான் எழும்பவில்லை. திரையைப் பார்த்தபடி கைகளை மடியில் கட்டிக்கொண்டு இருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தானா மனைவி சாமியறையில் சந்தனம் கரைக்க வேண்டும்? சந்தன வாசம் வந்தால் மற்றவர்களுக்குக் கோயில் ஞாபகம் வரும், கலியாணவீடு ஞாபகம் வரும். எனக்கு ஒரு பழைய கொம்பியூட்டர் ஞாபகம் வரும். ஏன் என்று மனைவிக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன். சொல்லி முடித்த பிறகு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டு. பல்கலைக்கழகத்துக்குப் பரீட்சைப் புள்ளி போதாமல் எங்கள் தீவில், மண்கும்பான் என்ற ஊரில் வீட்டோடு கிடந்த என்னை, அம்மா யாழ்ப்பாணத்தில் ஒரு மூன்று மாத வகுப்புக்கு அனுப்பினா. கொம்பியூட்டர் வகுப்பு. பதினாறு பேருக்கு ஒரு இயந்திரம். ஆளுக்குப் பத்து நிமிடம். அதற்குள் கரண்ட் போனால் அது உங்கள் விதி. மீதி நேரமெல்லாம் மட்டையில் கீறிய எழுத்துப்பலகையில் விரலால் குத்திப் பழகினோம். மூன்று மாதத்தில் உண்மையான இயந்திரத்தில் நான் கை வைத்த நேரத்தைக் கூட்டினால் ஒரு முழுநாள் வராது. ஆனால் அத்தாட்சிப் பத்திரம் பெரிது. அதை அம்மா கண்ணாடி போட்டு, முருகனுக்கும் இலட்சுமிக்கும் நடுவில் தூக்கிவிட்டா. வருகிற போகிற எல்லோருக்கும் "எங்கட தம்பி கொம்பியூட்டர் எஞ்சினியர்" என்று சொல்லவும் தொடங்கிவிட்டா.

அந்தப் பேச்சு பக்கத்து ஊரான வேலணை வரை போனது. வேலணையில் ஒரு நலன்புரி மன்றம் இருந்தது. ஜேர்மனிக்குப் போன ஊர்க்காரர் ஒருவர் அதற்கு ஒரு கொம்பியூட்டரை அனுப்பியிருந்தார். அந்த நாளில் தீவுப்பகுதியில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிக்கிடுகிறவனுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மன்றத்தின் முக்கிய வேலையே அதுதான். மன்றத் தலைவர் தெற்கில் பெரிய கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடை எரிந்து, உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்தவர். நல்ல மனுசன். ஒரு விசயத்தை நம்பிவிட்டால் பிறகு அதிலிருந்து அசைக்க ஏலாது. என்னை நம்பினார்.

கொம்பியூட்டர் வந்த அன்று அதற்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, நான்கு மூலைக்கும் எலுமிச்சம்பழம் நசித்தோம். தீவின் உப்புக்காற்று சைக்கிள் மணியையே ஒரு மாதத்தில் தின்றுவிடும் என்பதால், வேலை முடிந்ததும் அம்மாவின் பழைய நூல்சேலையால் அதை மூடிக் கட்டுவேன். மன்றத்தில் இருந்த ஒரே விசிறியும் அதற்குத்தான். நாங்கள் வியர்த்து வழிந்துகொண்டு, அதற்குக் காற்றுப் போகிறதா என்று பார்ப்போம். என்னை எல்லோரும் 'மாஸ்டர்' என்றார்கள். எனக்கு வயது இருபத்திரண்டு.

உண்மையில் வேலை செய்தது ஜெசிந்தா. நெடுந்தீவுப் பெண். தகப்பனுக்குக் கொஞ்ச மாடும், கடலுக்குப் போக ஒரு வள்ளமும் இருந்தன. அவள் வேதம்; கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கன்னியாஸ்திரிகளிடம் ரைப்பிங் படித்தவள். எங்கள் தீவில் சுருவில் என்ற ஊரில் பெரியம்மா வீட்டில் நின்று, எதிர்க்காற்றில் சைக்கிள் உழக்கி வருவாள். மன்றத்துக்குள் நுழைந்ததும் முதலில் தலைமயிரில் இருந்து மணலைத் தட்டுவாள், பிறகு இருந்து தட்டத் தொடங்குவாள். அவள் விரல் போகிற வேகத்தைப் பார்க்கவே சனம் யன்னலில் வந்து நிற்கும்.

எனக்கு விளங்காத ஆங்கிலக் கையேட்டை அவள் மத்தியானச் சாப்பாட்டோடு வாசித்து முடித்திருந்தாள். இயந்திரம் எங்கேயாவது முரண்டு பிடித்தால் நான் முகட்டைப் பார்த்து, "சூடாகிப்போச்சு, கொஞ்ச நேரம் ஓய்வு குடுப்பம்" என்பேன். என்னிடம் எல்லா வருத்தத்துக்கும் அந்த ஒரு மருந்துதான் இருந்தது. நான் வெளியே போய் வெற்றிலை போடுகிறவர்களோடு கதைத்துவிட்டு வருவதற்குள் அவள் கையேட்டைப் புரட்டிச் சரிபண்ணியிருப்பாள். "இப்ப ஆறியிட்டுது மாஸ்டர்" என்பாள். அதில் நக்கல் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பேர் எனக்குத்தான் வந்தது, நானும் வாங்கிக்கொண்டேன்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு கடிதம். ஒரு வருடம் ஒழுங்காக வேலை செய்தால் நற்சான்றுக் கடிதம் தருவதாகத் தலைவர் சொல்லியிருந்தார். அது கையில் கிடைத்தால் யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் அவளை எடுப்பதாகப் பேசியிருந்தார்கள். "இன்னும் ரெண்டு மாசம் மாஸ்டர்" என்று ஒருநாள் விரல் மடித்துக் காட்டினாள். "கடிதம் இல்லாமல் வீட்டை போனனெண்டால் என்னையும் மாட்டோடை மாடாக் கட்டிப்போடுவினம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தக் கடிதத்துக்காக அவள் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போது சிஸ்டம் என்கிற இயங்குதளம் வானத்தில் இருந்து இறங்கி வராது. கறுப்பு நிறத்தில், அப்பளம் அளவில், மெல்லிய சதுரத் தட்டுகளில் வரும். நடுவில் ஒரு வட்ட ஓட்டை, அதற்குக் கீழே ஒரு நீள்வெட்டு; அந்த வெட்டுக்குள்ளால் உள்ளே இருக்கிற மண்ணிற வட்டு தெரியும். இயந்திரம் வாசிப்பது அந்த இடத்தைத்தான். அதில் விரல் படக்கூடாது, தூசி படக்கூடாது, ஈரம் படவே கூடாது. கடதாசி உறையிலேயே தண்ணீர்த் துளி கீறி, மேலே வேண்டாம் என்று ஒரு புள்ளடியும் போட்டிருப்பார்கள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு புரட்டாதியில் ஜேர்மனிக்காரர் புது சிஸ்டம் அனுப்பினார். ஐந்து தட்டு. பழையது பழசாகிவிட்டது, இதை ஏற்றுங்கள், பெரிய வேலை எல்லாம் செய்யலாம் என்று கடிதம். தலைவர் பஞ்சாங்கத்தை எடுத்தார். "விஜயதசமியண்டு ஏற்றுவம் தம்பி. ஏடு தொடக்கிற நாள். ஒன்பதே காலிலை இருந்து பத்தே கால் மட்டும் நல்ல நேரம்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பொய் சொல்லவில்லை, சந்தோசமாக இருந்தது. ஊர் முன்னால் செய்து காட்டலாம் அல்லவா?

உங்களுக்குத் தெரியும், சரஸ்வதி பூசைக்கு எங்கள் பக்கத்தில் புத்தகம், கொப்பி, தொழில் செய்கிற சாமான் எல்லாவற்றையும் சாமிக்கு முன்னால் வைத்துவிடுவோம். பிறகு விஜயதசமி வரை தொடமாட்டோம். மன்றத்திலும் நவராத்திரி ஏழாம் பூசையன்று கும்பம் வைத்தோம். ரைப்ரைட்டர், துளை போடுகிற கருவி, பேரேடு, முத்திரை எல்லாம் வந்தன. கொம்பியூட்டர் பாரம் என்பதால் மேசையிலேயே விட்டு, பொட்டும் பூச்சரமும் வைத்தோம். புதுத் தட்டு ஐந்தையும் தலைவர் கேட்டார். கொடுத்தேன். "மற்றதுகளையும் கொண்டு வாரும் தம்பி. உதின்ரை படிப்பு முழுக்க அதுக்குள்ளைதானே கிடக்கு" என்றார்.

மற்றதுகள் என்றால், ஜெசிந்தாவின் பிரதிகள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் தான் தட்டிய எல்லாவற்றையும் தட்டுகளில் பிரதி எடுத்து, ஒரு பிஸ்கட் ரின்னில் அடுக்கி வைத்திருந்தாள். பழைய சிஸ்டமும் அதற்குள்தான். நான் ரின்னைத் திறக்க அவள் ஓடி வந்தாள்.

"மாஸ்டர், பிரதியள் வேண்டாம். புதுசை மட்டும் வையுங்கோ. ஈரம் படக்கூடாதெண்டு உறையிலையே போட்டிருக்கு."

தலைவர் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னேன்: "நீர் வேதம். உமக்கு இது விளங்காது. பேசாமல் இரும்."

இதை எழுதும்போது என் முகம் சுடுகிறது. அவளுக்கு விளங்கியதில் பாதிகூட எனக்கு விளங்கியிருக்கவில்லை. அவள் தன் மேசைக்குப் போய் உறைகளைச் சேர்த்து அடுக்கினாள். ஏனென்றால் உறையோடு சாமிக்கு வைக்கக்கூடாது என்று நான் எல்லாவற்றையும் கழற்றியிருந்தேன்.

சந்தனம் வைத்ததும் நான்தான். பூசைக்கு வந்த ஐயர் தலையில் பழியைப் போட ஏலாது. அவர் மந்திரத்தைச் சொல்லி மாவிலையால் தண்ணீர் தெளித்தார், அவ்வளவுதான். நான் ஒவ்வொரு தட்டையும் கையில் எடுத்து, வட்ட ஓட்டைக்குக் கீழே, பார்க்க லட்சணமாக, சந்தனம் தொட்டு நடுவில் குங்குமமும் வைத்தேன். சந்தனம் கொஞ்சம் தண்ணியாகக் கரைந்திருந்தது. பக்கத்தில் அவல், கடலை, சர்க்கரை. சனம் பார்த்து, "நல்ல வடிவாயிருக்கு மாஸ்டர்" என்றது.

அடுத்த நாள், எட்டாம் பூசை. காலையில் எங்கள் வீட்டுப் படலையில் ஒரு தாய் வந்து நின்றா. மகன் கொழும்பில் நிற்கிறானாம், நாளைக்கே கடுதாசி கொடுக்க வேண்டுமாம், பிறப்புப் பத்திர மொழிபெயர்ப்பு இல்லையாம். மத்தியான பஸ்ஸில் தான் வெளிக்கிட வேண்டும் என்று அழுதா. அவவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பூசையில் வைத்த இயந்திரத்தைத் தொட எனக்குத் துணிவில்லை. சாமிக்குப் பயமா, தலைவருக்குப் பயமா என்று கேட்டால் தலைவருக்குத்தான். சைக்கிளை எடுத்துச் சுருவிலுக்குப் போய் ஜெசிந்தாவிடம் மன்றத்துப் பூட்டின் திறப்பை நீட்டினேன்.

"நீர் வேதந்தானே, உமக்குக் குற்றமில்லை. கெதியா அடிச்சுக் குடுத்திட்டு வாரும்."

அவள் திறப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "தலைவருக்குச் சொல்லியாச்சோ மாஸ்டர்?"

"நான் சொல்லுறன். நீர் போம்."

அவள் போனாள், அடித்துக் கொடுத்தாள், அந்தத் தாய் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய்விட்டா. நான் தலைவருக்குச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லுவோம் என்று விட்டேன். அச்சடிக்கிற இயந்திரம் அந்த நாளில் போடுகிற சத்தம் உங்களுக்குத் தெரியாது. தகரத்தில் ஓணானை விட்டுக் கலைத்த மாதிரி இருக்கும். தலைவர் வீடு மன்றத்துக்கு அடுத்த வளவு.

விஜயதசமியன்று மன்றத்துக்குள் கால் வைக்க இடமில்லை. பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கி முடித்து, எல்லோரும் கொம்பியூட்டரைச் சுற்றி நின்றார்கள். அம்மா கதிரை போட்டு முன்வரிசையில் இருந்தா. ஒன்பதே கால். முதல் தட்டை எடுத்து ஊதினேன். இரண்டு எறும்பு விழுந்தது, எல்லோரும் சிரித்தார்கள். தட்டை உள்ளே தள்ளிச் சிஸ்டத்தை ஏற்றச் சொன்னேன். கறகறவென்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இயந்திரத்துக்குள் இருக்கிற வன்தட்டில் புது சிஸ்டத்துக்கு இடம் போதாது என்று எழுதிக் காட்டியது.

வகுப்பில் இதைப் படித்திருக்கிறேன். வன்தட்டை முழுவதும் அழித்து, வெறுமையாக்கி, பிறகு ஏற்ற வேண்டும். அழிக்கச் சொன்னேன். இதில் உள்ளதெல்லாம் போய்விடும், சம்மதமா என்று அது கேட்டது. ஜெசிந்தா என் கதிரைக்குப் பின்னால் குனிந்து, மற்றவர்களுக்குக் கேளாமல் சொன்னாள்:

"மாஸ்டர், கொஞ்சம் பொறுங்கோ. முதல்லை அந்தப் பிரதியள் வாசிக்குதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. அதிலைதான் எல்லாம் கிடக்கு."

ஐந்து நிமிட வேலை. தலைவர் மணிக்கூட்டைத் தட்டினார். "என்ன தம்பி, நேரம் போகுது." அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் ஜெசிந்தா பக்கம் திரும்பவே இல்லை. ஓம் என்பதற்கான எழுத்தைக் குத்தினேன்.

வன்தட்டு அழிந்து முடிய முக்கால் மணித்தியாலம் பிடித்தது. அதற்குள் அவல், கடலை எல்லோருக்கும் பங்கிட்டார்கள். பத்து மணி தாண்டியபோது புது சிஸ்டத்தை ஏற்றத் தொடங்கினேன். பாதியில் நின்றது. தட்டை வாசிக்க முடியவில்லை. விடுகிறாயா, திரும்ப முயல்கிறாயா என்று கேட்டது. திரும்ப முயன்றேன். திரும்பத் திரும்ப முயன்றேன். தட்டை வெளியே இழுத்தபோது நீள்வெட்டுக்குள் மஞ்சளாக ஒரு வளையம் தெரிந்தது. சந்தனம் ஊறி, காய்ந்து, வட்டோடு சுற்றியிருக்கிறது. வேட்டித் தலைப்பால் துடைத்தேன். நான் துடைத்ததை ஜெசிந்தா கண்டாள். ஏற்கெனவே வாசிக்கிற ஊசியிலும் அது அப்பிவிட்டது போல. பிறகு போட்ட ஒரு தட்டையும் அது வாசிக்கவில்லை. அவளுடைய பிரதிகளில் ஒன்றும் வாசிக்கவில்லை, பழைய சிஸ்டமும் வரவில்லை. இயந்திரத்தை அணைத்துப் போட்டால், தொடங்குவதற்குத் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது. பத்து மாதம் அவள் தட்டியதெல்லாம் போய்விட்டது.

 "சூடாகிப்போச்சு" என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்போது தலைவர்தான் கேட்டார்.

"எட்டாம் பூசையண்டு உதிலை சத்தம் கேட்டது. ஆர் திறந்தது?"

"நான்தான் ஐயா" என்றாள் ஜெசிந்தா உடனே. "ஒரு அம்மாவுக்கு அவசரம். மாஸ்டர்தான் திறப்புத் தந்தவர்."

"ஓமோ தம்பி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தா. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் அதற்காகத்தான் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லமாட்டேன் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை.

"நான் குடுக்கேல்லை. திறப்பு மேசை லாச்சிக்குள்ளை கிடந்தது" என்றேன்.

கூட்டத்துக்குள் ஒரு முணுமுணுப்பு. சாமிக்கு வைத்ததை இடையில் எடுத்தால் இப்படித்தான் நடக்கும் என்று யாரோ சொன்னார்கள். வேதக்காரப் பெட்டைக்கு என்ன தெரியும் என்று இன்னொருவர். ஜெசிந்தா அழவில்லை. மேசையில் கிடந்த ஒரு தட்டை எடுத்துத் தலைவரிடம் நீட்டினாள்.

"ஐயா, இதுக்குள்ளை சந்தனம் ஒட்டியிருக்கு, பாருங்கோ. அதாலைதான் வாசிக்கேல்லை."

தலைவர் அதை வாங்கி, கண்ணில் ஒற்றிவிட்டு மேசையில் வைத்தார். "சந்தனம் பட்டு எது பிள்ளை கெட்டுப்போனது?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் கடிதம் கேட்டு வந்தாள். ஒரு வருடம் ஆகவில்லை, பத்து மாதத்துக்காவது தாருங்கள் என்றாள். தலைவர் கதிரையில் சாய்ந்துகொண்டு, "உண்மையை எழுதும் தம்பி. சொன்னது கேளாதவ எண்டு போடும்" என்றார். ரைப்ரைட்டரில் அடித்தது நான். சொன்னது கேளாதவ என்பதற்கு ஆங்கிலத்தில் எனக்குச் சொல் வரவில்லை. வந்த சொல்லை அடித்தேன். பொறுப்பில்லாதவர் என்று அதற்குப் பொருள்.

அவள் அதை வாசலில் நின்றே வாசித்தாள். இரண்டாக மடித்தாள். நான் அடிக்கிற கடிதங்களை எப்போதும் அவள்தான் திருத்துவாள்.

"ஒரு பிழையும் இல்லை மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருவர் வந்து இயந்திரத்தைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். மஞ்சளாக வந்த பஞ்சை என்னிடம் காட்டி, "ஆர் ஐசே இதுக்குச் சந்தனம் பூசினது?" என்று சிரித்தார். "ஐயர்" என்றேன். அவர் தன்னிடம் இருந்த தட்டால் ஒரு மணித்தியாலத்தில் சிஸ்டத்தை ஏற்றிவிட்டார். அதன்பிறகு ஊரெல்லாம் திரும்பப் பிறப்புப் பத்திரங்களைக் கொண்டுவர, நான் இரண்டு விரலால் மாதக்கணக்கில் குத்தினேன். அவள் எவ்வளவு வேலை செய்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதிரையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பார்த்திருந்தவனுக்கு முந்தி எப்படித் தெரியும்?

ஒருமுறை நெடுந்தீவுக்குப் போக வெளிக்கிட்டேன். கடிதத்தைத் திருத்தி அடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். தலைவரின் கையெழுத்தை எப்படியும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லலாம் என்று எண்ணம். நெடுந்தீவுக்கு வள்ளம் ஏறுகிற குறிகட்டுவான் துறை வரை போனேன். வள்ளத்தில் ஆட்கள் ஏறினார்கள், மாட்டுத் தவிட்டு மூட்டை ஏற்றினார்கள், கயிறு அவிழ்த்தார்கள். கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, இன்னொரு நாள் பார்ப்போம் என்று எனக்கு நானே சொன்னேன். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. ஒரு பிளேன் ரீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். இன்னொரு நாள் வரவில்லை.

தொண்ணூறில் சண்டை வந்து தீவுப்பகுதியே கிளம்பி ஓடியது. நாங்களும் ஓடினோம். சேலையில் கட்டிய கொம்பியூட்டர் அங்கேயே நின்றது. பல வருடம் கழித்து ஒருமுறை போய்ப் பார்த்தேன். மன்றத்துக்குக் கூரை இல்லை, யன்னல் நிலை இல்லை. நடுவில் ஒரு வேம்பு நின்றது. அடுத்த வளவில் தலைவர் வீட்டுக் கிணறு தூர்ந்துபோயிருந்தது. தலைவரும் எங்களைப் போலக் கனடாவுக்கு வந்து, இங்கேதான் செத்தார். செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுகூட அவருக்குச் சொல்லலாமா என்று ஒரு விசர் யோசனை வந்தது. அம்மா போய்விட்டா. ஐயர் எங்கே என்று தெரியாது. அன்று அவலும் கடலையும் வாங்கித் தின்றுகொண்டு சுற்றி நின்ற சனம், ஒன்றில் உயிரோடு இல்லை, அல்லது எங்கெங்கோ சிதறிவிட்டது. நெடுந்தீவுக்காரரைக் காணுகிற இடமெல்லாம் விசாரித்திருக்கிறேன், விசாரிக்கிற மாதிரித் தெரியாமல். கலியாணம் கட்டி மன்னார்ப் பக்கம் போனாள் என்று ஒருவர் சொன்னார். கடல் வழியாக இந்தியாவுக்குப் போனவள், பிறகு ஒன்றும் தெரியாது என்று இன்னொருவர்.

நாலு வருடத்துக்கு முந்தி இங்கே ஒரு கலியாணவீடு. எங்கள் மேசையில் தலைவரின் மகன் இருந்தான். சாப்பாட்டுக்கு நடுவில் அவன், "எங்கட ஊர்க் கொம்பியூட்டர் கதை தெரியுமோ?" என்று தொடங்கினான். ஒரு வேதக்காரப் பெட்டை சரஸ்வதி பூசையில் கொம்பியூட்டரைத் தொட்டு, அது அவியலாய்ப்போன கதை. அச்சு இயந்திரத்தின் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினான். மேசை முழுக்கச் சிரித்தது. என் மகளும் பக்கத்தில் இருந்து சிரித்தாள், சிரித்துவிட்டு, "பாவம், அந்தப் பிள்ளைக்குப் பேந்து என்ன நடந்தது? அவவின்ரை பேர் என்ன?" என்று கேட்டாள்.

அவனுக்குத் தெரியவில்லை. அவன் மனைவியைக் கேட்டான், எதிரே இருந்த வேலணைக்காரரைக் கேட்டான். ஒருவருக்கும் ஞாபகமில்லை. பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அண்ணை, நீங்கள்தானே அங்கை அவவோடை வேலை செய்தனீங்கள். பேர் என்ன?"

என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவ எழும்பினேன்.